இழுக்கேக்க அணையுது

“தம்பி, இது சும்மா கிடக்கேக்க எரியுது. இழுக்கேக்க அணையுது. இதென்னடா, பேய் விளக்கோ?”

பெரியப்பா தன் மின் சிகரட் குழலை என் வேலை மேசையில் வைத்தார். கழற்றிப் போட்ட இரண்டு போன்கள், ஒரு டிவி ரிமோட், பாதி குடித்த பிளேன்டீ, இவற்றுக்கு நடுவில் அந்த அலுமினியக் குழல் படுத்துக்கிடந்தது. அதன் இடுப்பில் சிவப்பு எல்ஈடி ஒன்று நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது. எடுத்துப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். விளக்கு அணைந்தது. மேலே திரவத்தை ஆவியாக்குகிற கம்பிச் சுருள், அதுதான் கொயில், சூடாகி வெள்ளையாக ஆவி வந்தது. பொத்தானை விட்டேன். ஆவி நின்றது, விளக்கு திரும்ப எரிந்தது.

இருபது வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன். திருகோணமலை என்.சி. வீதிக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் சின்னக் கடை. டிவி, ரேடியோ, போன், மின்விசிறி என்று எது வந்தாலும் திறந்து பார்ப்பேன். அப்படிப்பட்டவன் ஒரு எல்ஈடியை மாறிப் பூட்டினான் என்று வெளியே தெரிந்தால் மானம் போகும். இதை எழுத இத்தனை நாள் எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பெரியப்பா திருக்கடலூரில் இருக்கிறார். பதினாறு வயதில் தொழிலுக்கு இறங்கியவர். எங்கள் பக்கத்தில் தொழில் என்று மொட்டையாகச் சொன்னால் கடல்தான், வேறு அர்த்தம் கிடையாது. சிகரட்டும் அதே வயதில் தொடங்கியதாம். இரவு வலை போட்டுவிட்டு விடியும்வரை காத்திருக்கும் நேரம் நீளமானது. வாயும் கையும் சும்மா இருக்காது.

2022 எல்லோருக்கும் நினைவிருக்கும். மார்ச் கடைசியில் ஒரு நாள் 13 மணி நேரம் கரண்ட் இல்லை. அதற்குப் பிறகு மண்ணெண்ணெயும் இல்லை. சின்ன போட்டுகளின் எஞ்சின் மண்ணெண்ணெயில்தான் ஓடும், அது இல்லாவிட்டால் போட் கரையில்தான். சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற ஊரில், கான் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்குப் போனது. தொழில் இல்லாமல் கரையில் குந்தியிருந்த பெரியப்பா, கடலில் குடித்ததைவிட இரண்டு மடங்கு சிகரட் குடித்தார். இருமல் வந்தது. கிளினிக்கில் நெஞ்சைச் சோதித்த டொக்டர், “ஐயா, இனி ஒண்டுகூட வேண்டாம்” என்று சொல்லி அனுப்பினார்.

சொல்வது சுலபம்.

பெரியப்பாவின் மூத்தவன் பிரான்ஸில் இருக்கிறான். அவன் ஒரு பார்சலில் மின் சிகரட் ஒன்றை அனுப்பினான். கூடவே நிகோட்டின் இல்லாத திரவம் சில போத்தல்களும் மாற்றுக் கொயில்களும். பற்றரிப் பகுதி ஒரு மாதம்கூட ஓடவில்லை, உப்புத் தண்ணீர் குடித்துவிட்டது. மிஞ்சியது ஆவியாக்கும் தலை மட்டும்தான். இளையவனை வீட்டில் சின்னவன் என்றுதான் கூப்பிடுவோம். அவன் அந்தத் தலையைப் பழைய ரோச் லைற் ஒன்றின் உடலில் பொருத்தி, செத்த லப்டொப் பற்றரிக்குள் இருந்து ஒரு செல்லை எடுத்துப் போட்டு, தானே ஒன்று செய்துவிட்டான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். யாரையும் இதைச் செய்யச் சொல்லி நான் எழுதவில்லை. புகையிலை கலந்த மின் சிகரட்டுகளைத் தயாரிக்கவும் இறக்கவும் விற்கவும் 2016இலேயே இங்கே தடை வந்துவிட்டது. நிகோட்டின் இல்லாதது என்பதால் அது மூலிகை ஆவியும் ஆகிவிடாது. உள்ளே இருக்கும் திரி காய்ந்து கொயில் கருகினால், திரவத்திலுள்ள கிளிசரினிலிருந்து தொண்டையை அறுக்கிற அக்ரோலின் மாதிரியான வாயுக்கள் வரும். பெரியப்பா சிகரட்டுக்குத் திரும்பிப் போகாமல் இருந்தால் போதும் என்ற அளவில்தான் நாங்கள் இதில் கை வைத்தோம்.

சின்னவனின் முதல் குழல் இரண்டு நாள் ஓடியது. பழைய ரேடியோவில் இருந்து கழற்றிய சின்னப் பொத்தான் ஒன்றின் வழியாக நேரே கொயிலுக்குக் கரண்ட் கொடுத்திருந்தான். அந்தக் கொயில் 1.5 ஓம். செல் முழுதாக ஏறியிருக்கும்போது 4.2 வோல்ற். வகுத்துப் பார்த்தால் 2.8 அம்பியர் வருகிறது. அந்த மாதிரிப் பொத்தான் தாங்குவது 50 மில்லி அம்பியர். ஐம்பது மடங்குக்கு மேல் சுமந்துகொண்டு இரண்டு நாள் ஓடியதே பெரிய விசயம். மூன்றாம் நாள் உள்ளே உருகி ஒட்டிக்கொண்டது. நல்ல காலம், பகலில், கையில் இருக்கும்போது.

அப்போதுதான் என்னிடம் கொண்டுவந்தான். கூடவே பெரியப்பாவின் முறைப்பாடு ஒன்றும் வந்தது.

“நெருப்புத் தெரியேல்ல எண்டுறார் அண்ணா. இருட்டுக்குள்ள இழுபடுதா இல்லையா எண்டு விளங்கேல்லயாம்.”

முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். சின்ன வயதில் பெரியப்பாவோடு கரைக்குப் போயிருக்கிறேன். விடியப்புறம் மூன்று மணி, முகம் தெரியாத இருட்டு. தூரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி அசையும். “அது மணியம், அவன்தான் இப்பிடி ஒரு இழுவைக்கு ரெண்டு தரம் உறிஞ்சிறவன்” என்பார். கிட்டப் போனால் அந்த ஆள்தான் நிற்பார். நெருப்பு பிரகாசமாவதையும் மங்குவதையும் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். அப்படி நாற்பத்தைந்து வருடம் மூக்கு நுனியில் ஒரு நெருப்பைப் பார்த்துப் பழகிய மனிதனிடம் ஒரு கறுத்தக் குழலைக் கொடுத்தால் எப்படிப் பிடிக்கும்?

இந்த யோசனை சீனாக்காரருக்கும் வந்திருக்கிறது என்று பிறகு தெரிந்தது. 1963இல் ஹேர்பேர்ட் கில்பேர்ட் என்ற அமெரிக்கர் புகையும் புகையிலையும் இல்லாத சிகரட் ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டார், 1965இல் கொடுத்தார்கள், யாரும் செய்து விற்கவில்லை. நாற்பது வருடம் கழித்து, 2003 வாக்கில், ஹொன் லிக் என்ற சீன மருந்தாளர் செய்ததுதான் உலகமெல்லாம் போனது. சிகரட் அளவிலேயே வந்த ஆரம்பகால மின் சிகரட்டுகளின் நுனியில் ஒரு எல்ஈடி இருக்கும். இழுத்தால் எரியும். ஆவி வருவதற்கு அந்த விளக்கு எந்த உதவியும் செய்வதில்லை. முழுக்க முழுக்க கண்ணுக்காக.

சரி, வேலைக்கு வருவோம். பொத்தான் உருகாமல் இருக்க மொஸ்ஃபெற் என்ற மின்னணுச் சுவிட்ச் ஒன்று வேண்டும். பொத்தானில் மெல்லிய கரண்ட் போகும், அது மொஸ்ஃபெற்றைத் திறக்கும், பெரிய கரண்ட் அதற்குள்ளால் போகும். வாசலில் நிற்கிற ஆள் கையைக் காட்டினால் கேற் திறக்கிற மாதிரி. எனக்கு வேண்டியது ஐ.ஆர்.எல்.இசட். 44 என். கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடைக்குப் போன் பண்ணி பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னேன். வந்தது ஐ.ஆர்.எஃப்.இசட். 44 என். ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். ஆனால் எஃப் போட்டது முழுதாகத் திறக்க 10 வோல்ற் கேட்கும். எல் போட்டது 4 வோல்ற்றிலேயே திறந்துவிடும். என்னிடம் இருப்பது ஒரேயொரு லிதியம் செல். அரைகுறையாகத் திறந்த மொஸ்ஃபெற் தானே சூடாகும், கொயில் சூடாகாது. கடைக்காரரிடம் கேட்டேன். “ரெண்டும் ஒண்டுதான் தம்பி, எல்லாரும் இதைத்தான் கொண்டு போறாங்கள்” என்றார். திருப்பி அனுப்பி மாற்ற ஒரு கிழமை போனது.

அந்தக் கிழமையில்தான் எல்ஈடி பற்றி மேசையில் விளையாடிப் பார்த்தேன். சின்னவனுக்கு நீலம் வேண்டும் என்று ஒரே பிடி. “நீலம்தான் அண்ணா கெத்து.” நீல எல்ஈடிக்கு ஒரு மரியாதை கொடுக்கத்தான் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்ஈடியை நிக் ஹொலொன்யாக் 1962இல் செய்துவிட்டார். பிரகாசமான நீலம் வர அதற்குப் பிறகு முப்பது வருடம் பிடித்தது. அதைச் செய்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் பௌதிகவியல் நோபல் பரிசே கொடுத்தார்கள். இன்று அதே நீலம், கடையில் கைநிறைய அள்ளித் தருகிற சில்லறைச் சாமான்.

நீலத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சிவப்பு எல்ஈடி எரிய 2 வோல்ற் போதும். நீலத்துக்கு 3 வோல்ற்றுக்குக் கொஞ்சம் மேலே வேண்டும். லிதியம் செல்லோ 4.2இல் தொடங்கி, பாவிக்கப் பாவிக்க 3 பக்கமாக இறங்கும். அதனால் சிவப்பு எப்போதும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி எரியும். நீலம், செல் நிறைந்திருக்கும்போது பளிச்சென்றும், இறங்க இறங்க மங்கியும், கடைசியில் மின்மினி மாதிரியும் எரியும். கரண்டை மட்டுப்படுத்த நூறு ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு அளந்தேன். 4.2 வோல்ற்றில் 11 மில்லி அம்பியர், 3.5இல் நாலு, 3.2இல் ஒன்று. தனியாக மீற்றர் எதுவும் வைக்காமலே பற்றரி எவ்வளவு இருக்கிறது என்று விளக்கே சொல்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. நீலத்தையே போடுவோம் என்று சின்னவனிடம் சொல்லியும்விட்டேன்.

பெரியப்பாவிடம் காட்டினோம். ஒரே பார்வைதான்.

“நெருப்பு எங்கயடா நீலமா எரியும்? கடலுக்க நீலம் மினுங்கினா நேவிக்காரன் எண்டு நினைச்சு மற்ற போட்டுகள் ஓடப் போறாங்கள். சிவப்பு போடு.”

அதோடு என் பற்றரி மீற்றர் முடிந்தது.

சிவப்பு எல்ஈடி வீட்டிலேயே கிடைத்தது. வலையின் மிதவையில் கட்டுகிற மினுங்கல் விளக்கு ஒன்று உடைந்து கிடந்தது. அதைத் திறந்தேன். ஆனால் அதிலிருந்தது தானாகவே மினுங்குகிற வகை. உற்றுப் பார்த்தால் கண்ணாடிக்குள் கறுப்பாக ஒரு துணிக்கை தெரியும், மினுங்க வைக்கிற சில்லு அதுதான். அதைப் போட்டிருந்தால் பெரியப்பா வாயில் அம்புலன்ஸ் ஓடியிருக்கும். கடைசியில் என் லாச்சியில் கிடந்த சாதாரண 5 மில்லிமீற்றர் சிவப்பு ஒன்றை எடுத்தேன். நீளக் கால் பிளஸ், குட்டைக் கால் மைனஸ். காலை வெட்டிய எல்ஈடி என்றால் விளிம்பைத் தடவிப் பார்த்தால் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அது மைனஸ் பக்கம். ரெசிஸ்டருக்குக் கணக்கு: 4.2இல் இருந்து 2ஐக் கழித்தால் 2.2 வோல்ற், 10 மில்லி அம்பியர் போதும், ஆக 220 ஓம். ரெசிஸ்டரின் மேல் இருக்கிற நிறப் பட்டைகள்தான் அளவைச் சொல்லும்: சிவப்பு, சிவப்பு, பழுப்பு. ரெசிஸ்டர் இல்லாமல் எல்ஈடியை செல்லில் நேரே வைத்தால், ஒரு கணம் அழகாக எரிந்து, நிறம் மாறி, செத்துப்போகும். பள்ளிக்கூடத்தில் தடையி என்று படித்ததெல்லாம் இதற்குத்தான்.

ரோச் உடலில் துளை போடுவதுதான் உண்மையில் பொறுமை கேட்ட வேலை. அலுமினியம் மெல்லியது, துளையிடும் அலகு வழுக்கும். முதலில் ஆணியால் ஒரு பள்ளம் அடித்து, 2 மில்லிமீற்றரில் தொடங்கி, 5க்குப் போனேன். சுருள் சுருளாக அலுமினியத் தூள் உள்ளே விழுந்தது. அதில் ஒரு துணுக்கு செல்லின் மேல் முனைக்கும் விளிம்புக்கும் நடுவில் மாட்டினால் போதும், வீட்டில் வேடிக்கை பார்க்கலாம். அந்த வகை செல்லில் மேல் முனை பிளஸ், மிச்ச உடம்பு முழுக்க மைனஸ். இரண்டையும் பிரிப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறையும் ஒரு கடதாசி வளையமும்தான். பழைய பிரஷால் குழலைத் துடைத்து, ஊதி, வெயிலில் பிடித்துப் பார்த்து, திரும்பவும் துடைத்தேன். கீழ் மூடியிலும் ஒரு சின்னத் துளை போட்டேன். செல்லுக்குள் வாயு சேர்ந்தால் வெளியே போக வழி வேண்டும். அடைத்த குழலுக்குள் லிதியம் செல் கோபித்தால் அது குழல் இல்லை, வெடி.

மேலே ஆவியாக்கும் தலையின் வெளிச்சுற்று அலுமினிய உடலில் படக்கூடாது. பட்டால் மொஸ்ஃபெற்றைச் சுற்றிக்கொண்டு கரண்ட் போகும், கொயில் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். தண்ணீர்ப் போத்தல் மூடி ஒன்றைக் கத்தியால் வளையமாக வெட்டி நடுவில் இறுக்கினேன். கரண்ட் வருகிற நேரம் பார்த்துத்தான் ஈயம் வைக்க வேண்டும். மின்வெட்டு அட்டவணையில் எங்கள் பகுதிக்கு ஒரு எழுத்து இருந்தது. அந்த எழுத்துக்கு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்து, வந்ததும் சோல்டரிங் அயர்னைச் செருகி, அவசர அவசரமாக வேலை முடித்தேன்.

அந்த அவசரத்தில்தான் பிழை நடந்தது.

மோட்டார் சைக்கிள் வயரிங் செய்து பழகிய கைக்கு ஒரு தோஷம் உண்டு. மைனஸ் என்றால் யோசிக்காமல் உடலில் சேர்த்துவிடும். எல்ஈடியின் குட்டைக் காலை அலுமினிய உடலில் சேர்த்தேன். நீளக் காலை ரெசிஸ்டர் வழியாகக் கொயிலுக்குப் போகிற வயரில் சேர்த்தேன். கொயிலுக்கு இரண்டு வயர். ஒன்று செல்லின் பிளஸ்ஸிலிருந்து வருவது, மற்றது மொஸ்ஃபெற்றுக்குப் போவது. இரண்டும் ஒரே கறுப்பு வயரில் வெட்டியது, வேறு நிறம் கையில் இருக்கவில்லை. நான் பிடித்தது மொஸ்ஃபெற்றுக்குப் போகிற வயரை.

இப்போது என்ன நடக்கும் பாருங்கள். பொத்தானை அழுத்தாதபோது மொஸ்ஃபெற் பூட்டியிருக்கிறது. பிளஸ்ஸிலிருந்து கொயில் வழியாக வருகிற கரண்டுக்கு வேறு வழியில்லை, எல்ஈடிக்குள்ளால் இறங்கி உடலுக்குப் போகிறது. எல்ஈடி எரிகிறது. பத்து மில்லி அம்பியர் கொயிலுக்கு எறும்பு கடித்த மாதிரி, சூடே ஆகாது. பொத்தானை அழுத்தினால் மொஸ்ஃபெற் திறக்கிறது. பெரிய வழி கிடைத்த பிறகு கரண்ட் ஏன் ஒடுக்கமான வழியில் போகப்போகிறது? எல்ஈடியின் இரண்டு முனைக்கும் இடையில் வோல்ற் வித்தியாசம் இல்லாமல் போகிறது. அணைகிறது. கொயில் எரிகிறது.

பெரியப்பா சொன்னது அச்சொட்டாக அதுதான். சும்மா கிடக்கேக்க எரியுது, இழுக்கேக்க அணையுது. நான் செய்திருந்தது இழுப்பதைக் காட்டுகிற விளக்கு இல்லை, இழுக்காமல் இருப்பதைக் காட்டுகிற விளக்கு. டொக்டர் பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார். ஆனால் அந்தப் பழைய செல்லில் 1500 மில்லி அம்பியர் மணி மிஞ்சியிருந்தால் பெரிது. பத்துப் பத்தாகக் குடித்தால் 150 மணி நேரம். தொடாமல் வைத்திருந்தாலும் ஒரு கிழமைக்குள் காலி.

குட்டைக் காலை உடலிலிருந்து எடுத்து மொஸ்ஃபெற் பக்கத்து வயரில் வைத்தேன். நீளக் காலை ரெசிஸ்டரோடு பிளஸ் பக்கம் கொண்டுபோனேன். கொயிலுக்குச் சமாந்தரமாக. இரண்டு ஈயப் புள்ளி மாற்றம், பத்து நிமிட வேலை. பெரியப்பா இழுத்துப் பார்த்தார். மூக்குக்கு முன்னால் சிவப்பாக எரிந்தது. கண்ணைக் கொஞ்சம் சுருக்கி அதையே பார்த்துக்கொண்டு இழுத்தார். முகத்தில் அந்தப் பழைய இழுப்பு வந்தது. “ம்” என்றார். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்கக்கூடாது.

மண்ணெண்ணெய் ஓரளவு வரத் தொடங்கி, தொழிலுக்கும் போகத் தொடங்கினார். முதல் கிழமையே திரும்பி வந்தார். கண் கூசுதாம். கரையில் சரியாக இருந்தது, கடலுக்குள்ள போனால் முகத்துக்கு ரோச் அடிக்கிற மாதிரி இருக்காம். ஒரு தரம் இழுத்துவிட்டு நிமிர்ந்தால் வலையின் மிதவை தெரியவில்லையாம். இருட்டில் பழகிய கண் ஒரு வெளிச்சம் பட்டால் திரும்பப் பழக நேரம் எடுக்கும். அதில் சிவப்புத்தான் குறைந்த தொல்லை, மங்கிய இருட்டில் பார்க்கிற கண்ணின் கலங்கள் சிவப்பை அவ்வளவாகப் பிடிக்காது. கப்பலில் மாலுமி நிற்கிற இடத்தில் சிவப்பு விளக்கு வைப்பது அதனால்தான். நீலம் போட்டிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். இவர் நெருப்பு சிவப்பாகத்தான் எரியும் என்ற ஒரே நியாயத்தை வைத்துக்கொண்டு சரியான முடிவுக்கு வந்திருக்கிறார். நான் நோபல் பரிசு வரைக்கும் படித்துவிட்டுப் பிழையான முடிவுக்குப் போயிருந்தேன்.

220 ஓமைக் கழற்றி 2200 போட்டேன். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. மூன்றாவது பட்டை மட்டும் மாறியது, கரண்ட் பத்தில் ஒன்றாகிவிட்டது. பகலில் பார்த்தால் எரிகிறதா என்றே சந்தேகம். இரவில், இருட்டில், உண்மையான சிகரட் நெருப்பின் அளவு.

அந்த விளக்கை நான் அலங்காரம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கார்த்திகை மாதம், மழை. பெரியப்பா வாடியில் பாயில் சாய்ந்திருக்கிறார், குழல் சட்டைப் பைக்குள். சேர்ந்து தொழில் செய்கிற ஒருவர் சொல்லியிருக்கிறார், “அண்ணை, உங்கட நெஞ்சு சிவப்பா எரியுது.” குனிந்து பார்த்தால் சட்டைத் துணிக்குள்ளால் சிவப்புப் புள்ளி தெரிகிறது. பொத்தானை யாரும் அழுத்தவில்லை. குழலை எடுத்தபோது மேல் பக்கம் தொட முடியாத சூடு. நான் சொல்லிக்கொடுத்திருந்தபடி கீழ் மூடியைத் திருகி, செல்லை ஈர மணலில் தட்டிவிட்டிருக்கிறார். கையில் ஒரு சின்னக் கொப்பளம், சட்டைப் பையில் பழுப்பு வட்டம். அவ்வளவோடு போனது.

அடுத்த நாள் காலையில் திறந்து பார்த்தேன். மொஸ்ஃபெற்றைத் திறந்து மூடுகிற கதவுக் காலுக்கும் மைனஸுக்கும் இடையில் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும். பொத்தானை விட்டதும் கதவில் மிஞ்சி நிற்கிற மின்னேற்றத்தை இறக்கிவிடுகிற வேலை அதற்கு. அது இல்லாவிட்டால், பொத்தானை விட்ட பிறகும் கதவு திறந்தபடியே நிற்கலாம். அந்த ரெசிஸ்டரின் ஒரு கால், ஈயத்துக்குள் ஆடிக்கொண்டிருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் காலைச் சுற்றி மெல்லிய வட்ட வெடிப்பு, ஈயம் பளபளப்பில்லாமல் சாம்பல் நிறத்தில். கரண்ட் போகப்போகிறது என்ற அவசரத்தில் வைத்த ஈயம். போட்டில் குலுங்கிக் குலுங்கி விட்டுவிட்டது, உப்புக்காற்றும் தன் பங்கைச் செய்திருக்கிறது. பிழை முழுக்க என்னுடையது.

அன்று அந்த எல்ஈடி இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கும்போது இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. பத்து வாற்றில் எரிகிற கொயில், நெஞ்சுப் பையில், தூங்குகிற மனிதன். திரும்ப ஈயம் வைத்தேன், இந்த முறை காலை வளைத்து, துளைக்குள் விட்டு, ஆறுதலாக. மேலே மனைவியின் நகப்பூச்சை இரண்டு தரம் பூசினேன், உப்புக்காற்றுக்கு அதைவிட நல்ல மருந்து எங்கள் ஊரில் மலிவாகக் கிடையாது. ஒவ்வொரு காலையும் சாமணத்தால் இழுத்துப் பார்த்தேன். பையில் போடும்போது செல்லைக் கழற்ற வேண்டும் என்று பெரியப்பாவிடம் சத்தியம் வாங்கினேன். பெரியம்மாவிடமும் சொல்லிவைத்தேன், சத்தியத்தைவிட அதுதான் நம்பிக்கை.

அதற்குப் பிறகு நாலு மாதம் குழல் என்னிடம் வரவில்லை. சித்திரை வருடப்பிறப்புக்குப் போனபோது நானே கேட்டேன், எப்படிப் போகிறது என்று.

“இப்பதான் தம்பி திறம். முந்தித் தொண்டை கொஞ்சம் காந்தும். இப்ப அதுவும் இல்லை.”

எனக்கு ஏதோ இடறியது. குழலை வாங்கிப் பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. இழுத்தேன். வெறும் காற்று. திரும்பவும் இழுத்தேன். வெறும் காற்று. தலையைக் கழற்றி மோட்டார் சைக்கிள் பெட்டியில் இருந்த மீற்றரை வைத்தேன். கொயில் அறுந்திருந்தது. தொட்டி காய்ந்து, ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது.

எல்ஈடி கொயிலுக்குச் சமாந்தரமாக இருக்கிறது. கொயில் செத்தாலும் அதற்கென்ன, தன் பாட்டில் எரியும். அது சொல்வது கொயிலின் வாசலுக்குக் கரண்ட் வந்திருக்கிறது என்பதை மட்டும்தான். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று அதற்குத் தெரியாது. கடலில், இருட்டில், ஆவி வருகிறதா என்று யார் பார்க்கப்போகிறார்கள்?

“எவ்வளவு நாளா இப்பிடி, பெரியப்பா?”

“எப்பிடி?”

“திரவம் ஊத்தினது எப்ப?”

யோசித்தார். “மாசியில போல கிடக்கு.”

இரண்டு மாதம். இரண்டு மாதமாக மனிதர் ஒரு எல்ஈடியைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். சின்னவன் சிரிக்கத் தொடங்கினான், கண்ணைக் காட்டி அடக்கினேன். பிரான்ஸிலிருந்து வந்த மாற்றுக் கொயில்கள் என் லாச்சியில் இருக்கின்றன, போட்டுத் தரவா என்று கேட்டேன். பெரியப்பா குழலைத் திரும்ப வாங்கி, உள்ளங்கையால் விளக்கை மறைத்து, ஒரு தரம் அழுத்திப் பார்த்தார்.

“விளக்கு எரியுதுதானே?”

“எரியுது.”

“அப்ப கிடக்கட்டும்.”

கொயில்கள் இன்னும் லாச்சியில்தான் இருக்கின்றன. செல்லைச் சார்ஜ் பண்ணக் கொண்டுவருவதும் குறைந்துவிட்டது. ஒரு மில்லி அம்பியருக்கு அது எப்போது இறங்கப்போகிறது?